ராசாத்தியின் ஈரச் சாக்கு

நனைத்துப் பிழிந்த சாக்கைக் கிழட்டுப் பசுவின் கழுத்திலும் மடியிலும் அழுந்தத் தேய்க்கிறாள் ராசாத்தி. அந்த வாடையோடு பக்கத்துக் கொட்டகைக்கு வந்து, கன்றுக்குட்டியின் முதுகில் வாலிலிருந்து கழுத்துவரை மயிருக்கு எதிராக இழுக்கிறாள். பசு நக்குவதைப் போலவே, விட்டு விட்டு.

ஓசூரில் கம்பெனிச் சுவருக்குப் பின்னால் அவள் வீடு. நான் அங்கே பால் வாங்குகிறவன். பால்காரி என்றால் அவளுக்குக் கோபம் வரும். "கன்னு வளக்கறவன்னு சொல்லுங்க சார்." கறவைப் பண்ணைகளில் காளைக்கன்றைப் பிறந்த அன்றே தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். குந்தாரப்பள்ளிச் சந்தையில் கால் நடுங்க நிற்கும் அவற்றைத்தான் தேடிப்பிடித்துக் கொண்டுவருவாள். எல்லாக் கன்றும் அவளுக்கு "சாமி"தான். கன்றோடு தெலுங்கு, பசுவோடு கன்னடம். தமிழில் திட்டு வாங்கும் பாக்கியம் கணவன் சிவராஜுக்கு மட்டும்.

இந்தச் சாமி வந்தபோது தொப்புளில் சீழ் கட்டியிருந்தது. கீறிக் கழுவாவிட்டால் பிழைக்காது. ஆனால் ஈ உட்கார்ந்தாலே அலறியது. விரல் பட்டால் கால் மடிந்து விழுந்தது.

"மயக்க ஊசிய இது தாங்காதும்மா" என்றார் கால்நடை மருத்துவர் ஜெகதீஷ். "அமுக்கிப் புடிச்சாலும் பயத்துலயே போயிடும். ஆத்தாகிட்டருந்து சீக்கிரம் பிரிச்ச குட்டிங்களுக்கு வலி கூடுதலா தெரியலாம்னு ஆராய்ச்சியிலயும் சொல்றாங்க."

"ஆத்தா நக்குன கன்னு, ஈ கடிச்சா வாலத்தான் ஆட்டும். இத யாரு சார் நக்குனா? தொட்டா நோவும்னு மட்டுந்தான் இதுக்குத் தெரியும். நான் தொட்டுப் பழக்கறேன், அதுவரைக்கும் மருந்து குடுங்க."

கிழட்டுப் பசுவோ வேற்றுக் கன்றை அண்டவிடாது. அப்படித் தொடங்கியதுதான் சாக்கு. மெல்ல மெல்லக் கன்று முதுகைக் கொடுத்தது. பிறகு வயிற்றையும். அந்த நேரம் பார்த்து சிவராஜ் ஒரு நல்ல காரியம் செய்தான். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவன், நாறுகிறதே என்று சாக்கைச் சோப்புத்தூள் போட்டுத் துவைத்து, யூனிபாரத்தோடு கொடியில் காயப்போட்டுவிட்டான். அன்று மாலை சாக்கு பட்டதும் கன்று போட்ட அலறல் என் வீட்டுக்கே கேட்டது.

"ஒன்ன யாருய்யா தொவைக்கச் சொன்னா? அதுலதான்யா அதோட ஆத்தா இருந்தா!"

அதன்பின் கணவனுக்குச் சோறு வைத்தாள், பேசவில்லை. பசுவிடம் போய் முதலிலிருந்து தேய்க்கத் தொடங்கினாள். இங்கே சீழ் ஏறிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் காலையில் ஜெகதீஷ் கத்தியோடு வந்துவிட்டார். இனித் தள்ளிப்போட முடியாது என்றார். சிவராஜும் நானும் உதவிக்கு நின்றோம். "யாரும் புடிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு ராசாத்தி சாக்கை இழுக்க ஆரம்பித்தாள். கத்தி இறங்கியது. சீழ் வழிந்தது. கன்றின் தோல் ஒரு தரம் சிலிர்த்தது, அவ்வளவுதான். சாக்கின் நுனியில் மூக்கைப் புதைத்துச் சப்பிக்கொண்டு நின்றது. ஈ உட்கார்ந்ததற்கு அலறிய அதே உடம்பு! என் கைகள் தானாகக் குவிந்தன. கோயிலில்கூட அப்படிக் கைகூப்பத் தோன்றியதில்லை.

சிவராஜால்தான் பார்க்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பித் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். ராசாத்தி ஒரு கையால் கன்றைத் தேய்த்தபடியே மறு கையை நீட்டி, அவன் முதுகிலும் கீழிருந்து மேலாக ஒருமுறை இழுத்துவிட்டாள்.