பால் வெட்டுனவரு சம்சாரத்துக்கு ஒரு டிக்கெட்டு

டிக்கெட் போடுற தொழில்ல, பிளேன் நேரத்துக்குப் போனா கம்பெனிக்குப் பேரு, லேட்டாப் போனா நமக்கு ஏச்சு. கவுண்டருக்குப் பின்னால உக்காந்து பொழைக்கிற யாருக்கும் இத வெளக்கிச் சொல்லத் தேவையில்ல. பேங்க்ல இருக்கிறவங்க, தபால் கந்தோர்ல இருக்கிறவங்க, பார்மசியில மாத்திரை குடுக்கிறவங்க எல்லாரும் நம்ம கட்சிதான்.

எனக்கு பெல்மதுளை டவுன்ல ஒரு சின்ன கம்யூனிகேஷன் கடை. ஒரு பக்கம் நந்தா அக்கா போட்டோ புடிப்பாங்க, போட்டோ கொப்பி அடிப்பாங்க. மறுபக்கம் நான் டிக்கெட் போடுவேன். அவங்க சிங்களம், நான் தோட்டத்து ஆளு. ரெண்டையும் கலந்து கடைக்குள்ள மூணாவதா ஒரு பாஷை ஓடுது. இங்கிலீஷ் மட்டும் நான் இரத்தினபுரியில ராத்திரி கிளாஸ்ல படிச்சது. அதனால பகல்ல கொஞ்சம் மெதுவாத்தான் வரும்.

சத்தமில்லாம போறவங்களும் வேன் புடிச்சு வர்றவங்களும்

எங்க பக்கத்துல மாணிக்க யாவாரிங்க நெறைய. அவங்கதான் என் பழைய வாடிக்கை. பேங்கொக் டிக்கெட்ட காதுக்குள்ள வந்துதான் கேப்பாங்க. எப்ப போறாரு, எப்ப வர்றாரு, எதுவும் வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா கல்லு வெலை ஏறிருமாம். ஒருத்தரு டிக்கெட்ட வாங்கி நாலா மடிச்சு சொக்ஸுக்குள்ள வச்சுக்கிட்டுப் போனாரு.

இப்ப கொஞ்ச வருசமா வேற ஒரு கூட்டம் வருது. புருசன் வெளிநாட்டுல, பொஞ்சாதிக்கு விசா வந்திருக்கும். அவங்க டிக்கெட் வாங்க வேன் புடிச்சு வருவாங்க. மாமியாரு, நாத்தனாரு, அடுத்த வீட்டு காம்பராக்காரங்க, எல்லாரும் கண்ணாடியில மூக்க வச்சு கம்ப்யூட்டரப் பாப்பாங்க. யோகேஸ்வரி அப்படித்தான் வந்துச்சு. பெல்மதுளைக்கு மேல ஒரு ரப்பர் தோட்டம். புருசன் சிவகுமாரு அதே தோட்டத்துல பால் வெட்டுனவரு. இப்ப நியூசிலாந்துல ஒரு பண்ணையில மாட்டுப் பால் கறக்கிறாரு. இந்தப் புள்ளைக்கு விசாவே இன்னும் வரல, அதுக்குள்ள டிக்கெட் வெலை கேக்க வந்திருந்தாங்க. முதல் தடவ போட்ட விசா இல்லைன்னு திரும்பி வந்திருந்துச்சு. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தது கொஞ்ச காலந்தான், நெசமான புருசன் பொஞ்சாதியான்னு சந்தேகமாம். ரெண்டாந் தடவையும் போட்டுட்டு, பதிலுக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க.

மாமியாரு சுத்திமுத்திப் பாத்துட்டு எங்கிட்ட சொன்னாங்க: "தம்பி, இவளுக்குப் போற டிக்கெட்டு மட்டும் பாருங்க. வர்றதுக்கு அவளுக்கு என்ன அவசரம்."

பாலை எப்படிம்மா வெட்டுறது?

அவங்க குடியிருக்கிற லயத்து வீட்டுல போன் சிக்னல் கிடையாது. மரத்தடியில நின்னா ஒரு கோடு வரும், காத்தடிச்சா அதுவும் போயிரும். அதனால விசா ஆபீஸ்ல இருந்து பேசறப்ப, என் கடையில இருந்துதான் யோகேஸ்வரி பேசுனுச்சு. இந்த ஒரு போன்லதான் எல்லாம் இருக்கு, ரெண்டாந் தடவையும் இல்லைன்னா மூணாவதுக்கு அவங்ககிட்ட வழியில்ல. கூட யாரும் பேசக் கூடாதுன்னு கண்டிசன். நான் வாய மூடிக்கிட்டு பிரிண்டருக்குப் பக்கத்துல நின்னேன். அந்தப் பக்கம் ஒரு ஆபீசரு, தமிழ்ல மாத்திச் சொல்ல ஒரு அம்மா. அந்த அம்மா தமிழ் நல்ல தமிழு, ஆனா ரப்பர் மரம் பாக்காத தமிழு.

புருசன் இங்க என்ன வேலை செஞ்சாருன்னு கேட்டாங்க. "பால் வெட்டுனாருங்க"ன்னுச்சு. அங்க என்ன வேலைன்னாங்க. "அங்கயும் பால்தாங்க"ன்னுச்சு. அப்புறம் அந்த அம்மா, "பாலை எப்படிம்மா வெட்டுறது? உங்க கணவர் ரப்பர் வேலைன்னுதானே இங்க எழுதியிருக்காரு?"ன்னு கேட்டாங்க. நம்ம ஊர்ல யாருக்குமே இதுல சந்தேகம் வராது. ரப்பர் மரத்துல வடியிறதுக்கு நாங்க பாலுன்னுதான் சொல்லுவோம், பட்டைய வெட்டித்தான் எடுப்போம். ஆனா போன்ல பாத்தா, புருசன் ஒண்ணு சொல்றாரு, பொஞ்சாதி ஒண்ணு சொல்லுது.

யோகேஸ்வரி தடுமாறல. "மாட்டுப் பால் இல்லங்கம்மா, மரத்துப் பாலு"ன்னு ஆரம்பிச்சுச்சு. வெயில் ஏறுறதுக்குள்ள போயி பட்டையச் சாய்வா வெட்டணும், ஆழமா வெட்டிட்டா மரத்துக்குக் காயம், கங்காணி ஏசுவாரு. சிரட்டையில வடியும், வாளியில சேக்கணும். மழை பேஞ்சா அன்னைக்கு வேலை இல்ல, அவரு வீட்டுல குந்திக்கிட்டு ரேடியோவப் பிரிச்சுப் போட்டுருவாரு. பெருவிரல்ல கத்தி பட்ட தழும்பு இருக்கு, இடது கையி. சட்டையில பால் பட்டா கறுப்பாப் புடிச்சுக்கும், எந்த சோப்புக்கும் போகாது, அடிச்சு அடிச்சு துணிதான் கிழியும். நான் பிரிண்டரப் புடிச்சுக்கிட்டு நின்னேன். நந்தா அக்கா கொப்பி எடுக்கிறத நிப்பாட்டிட்டாங்க.

அந்த அம்மா ஒவ்வொண்ணா மாத்திச் சொன்னாங்க. பிறகு, "அந்தக் கறை கடைசி வரைக்கும் போகவே இல்லையான்னு ஆபீசர் கேக்கிறாரு"ன்னாங்க.

யோகேஸ்வரி சொன்னுச்சு: "போகலைங்க. போயிருந்தா அவருக்கு நல்ல சட்டைன்னு ஒண்ணு இருந்திருக்கும்."

மூணு கேட்டு

விசா வந்துருச்சு. வந்த கையோட ஒரு கெடுவும் வந்துச்சு, இந்தத் தேதிக்குள்ள அங்க எறங்கிடணும்னு. நாள் போகப் போக டிக்கெட் வெலை ஏறிக்கிட்டே இருந்துச்சு. உங்களுக்குத் தெரியாததா, நாம பாக்கிறோம்னு தெரிஞ்சா அந்த மிஷினுக்கு எப்படியோ மூக்கு வேர்த்துரும்.

இதுல சிவகுமாரு வேற. மாட்டக் கட்டிட்டு வந்து போன எடுத்தாருன்னா, என் வெலையவிடக் கொறைஞ்ச டிக்கெட் ஒண்ண இன்டர்நெட்ல தேடி எனக்கு அனுப்புவாரு. எல்லாம் தனித்தனி டிக்கெட்ட ஒட்டுப் போட்டது. இங்கருந்து மலேசியா ஒண்ணு, அங்கருந்து சிட்னி ஒண்ணு, அங்கருந்து இன்னொண்ணு. நான் பொறுமையா வெளக்குனேன். தனித்தனி டிக்கெட்னா ஒவ்வொரு எடத்துலயும் பெட்டிய எடுத்து மறுபடி போடணும். பெட்டி எடுக்க வெளிய போகணும்னா அந்த நாட்டு விசா வேணும். நம்ம பாஸ்போட்டுக்கு சிட்னியில சும்மா பிளேன் மாறுறதுக்கே விசா கேப்பாங்க. ஒரு பிளேன் லேட்டானா அடுத்த பிளேன்காரன் நமக்குப் பொறுப்பில்ல. கொறைஞ்ச டிக்கெட்ன்னா வாங்குறப்ப மட்டும் கொறைவா இருந்தாப் பத்தாது, எறங்குற வரைக்கும் கொறைவா இருக்கணும்.

நான் தேடிப் புடிச்சது ஒரே கம்பெனி, சிங்கப்பூர்ல மட்டும் மாறணும், கட்டடத்துக்குள்ளயே மாறிக்கலாம், பெட்டி நேரா அங்க போயிரும். வெலையும் அவரு கையிக்கு எட்டுற வெலைதான், ஆனா ஒரே ஒரு நாள்ல மட்டும்.

அந்தப் பக்கம் மாடு கத்துற சத்தத்துக்கு நடுவுல சிவகுமாரு சொன்னாரு: "சரிண்ணே, நீங்க சொல்றதே இருக்கட்டும். இங்க மாட்டக் கூட ஒரே கேட்டுலதான் உடுறோம், எம் பொஞ்சாதிய மூணு கேட்டுல அலைய உடக்கூடாது."

திங்கக்கெழமை கெழக்க சூலம்

அந்த ஒரே ஒரு நாளு திங்கக்கெழமையாப் போச்சு. மாமியாரு கேட்ட உடனே எந்திரிச்சுட்டாங்க. "திங்கக்கெழமை கெழக்க சூலம் தம்பி. சிங்கப்பூரு கெழக்கதானே இருக்கு? முதல் தடவ விசா போனதே இப்படி எதையோ பாக்காமத்தான். இந்தத் தடவ நான் உட மாட்டேன்." அடுத்த நாள் டிக்கெட்டுக்கு அவங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் சேந்து பால் வெட்டுனாலும் காணாது. கெடுவும் நெருங்கிருச்சு. யோகேஸ்வரி என் மூஞ்சியப் பாத்துச்சு.

இந்த மாதிரி நேரத்துல ஆளோட சண்டை போடக் கூடாது, அவங்க பக்கமே போயி நிக்கணும். செவுத்துல நம்ம தமிழ்க் கலண்டர் தொங்குது. திங்கக்கெழமைத் தாள எடுத்துக் காட்டுனேன். "சூலம் கிழக்குன்னு போட்டிருக்குதான் அம்மா. அதுக்குக் கீழயே பரிகாரம்னு இன்னொண்ணு போட்டிருக்கு, பாருங்க. தயிரு. சாப்பிட்டுட்டுப் போனா சரி."

மாமியாரு யோசிச்சாங்க. "பிளாஸ்டிக் டப்பாத் தயிரெல்லாம் கணக்குல வராது." நந்தா அக்கா அந்தப் பக்கமிருந்து குரல் குடுத்தாங்க: "அம்மே, எம்பிலிப்பிட்டிய எருமைத் தயிரு நான் கொண்டாந்து தாறேன். மண் சட்டி. ஹரித, சரியா?" சிங்களப் பொம்பளை ஒருத்தி தமிழ்ப் பஞ்சாங்கத்துக்குத் தயிரு தர்றேன்னு சொன்னதுக்கு மேல அவங்களுக்கு மறுப்பு வரல.

"சரி, திங்கக்கெழமையே போட்டுருங்க"ன்னாங்க. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாங்க: "சட்டிய மட்டும் பெருசா வாங்கச் சொல்லுங்க தம்பி, நடுவுல கடல் நெறைய கெடக்கு."

பெட்டிக்குள்ள கத்தி

பெட்டிய எங்க கடையிலயே தொங்குற தராசுல நிறுத்துப் பாத்தோம். நியூசிலாந்துக்காரங்க சாப்பாட்டு விசயத்துல ரொம்பக் கண்டிப்பு. மாமியாரு வச்ச கருவாடு, முருங்கைக்கீரை, தேனு எல்லாத்தையும் நான் ஒண்ணொண்ணா வெளிய எடுத்தேன். ஒவ்வொண்ணுக்கும் அவங்க என்னைப் பாத்த பார்வைய நீங்களும் உங்க கவுண்டர்ல பாத்திருப்பீங்க. கடைசியில துணியில சுத்துன ஒரு கத்தி வந்துச்சு. சிவகுமாரோட பால் வெட்டுற கத்தி. அவருதான் கொண்டாரச் சொன்னாராம்.

அங்க ரப்பர் மரமே இல்லையே, எதுக்குன்னு கேட்டேன். பண்ணை முதலாளி, "இதுக்கு முந்தி என்ன வேலை பாத்தே?"ன்னு கேட்டிருக்காரு. இவரு மரத்துல பால் எடுத்தேன்னு சொல்லியிருக்காரு. அவரு சிரிச்சுட்டாராம், நம்பலையாம். எனக்கு அதக் கேட்டதும் அந்தக் கத்திய எடுத்துப் போட மனசு வரல. எங்கப்பாவும் பால் வெட்டுனவருதான். சுடுதண்ணியில போட்டு மண்ணு, பட்டைத் தூள் ஒண்ணும் இல்லாம தேய்ச்சு, கைப்பையில வைக்காம பெரிய பெட்டிக்குள்ள வைக்கச் சொன்னேன். மறைக்காதே, கேக்கிறதுக்கு முந்தி நீயே சொல்லிருன்னேன். அதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லணும்னும் சொல்லிக் குடுத்தேன். மெதுவாத்தான் சொல்லிக் குடுத்தேன், பகலாச்சே.

யோகேஸ்வரி அதை வாய்க்குள்ள திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாத்துட்டு எங்கிட்ட சொன்னுச்சு: "அண்ணே, இதை இங்கிலீஷ்ல சொன்னா பெரிய உத்தியோகம் மாதிரி கேக்குது."

வாசல்ல ஒரு சட்டி தயிரு

அந்தத் திங்கக்கெழமை ஏர்போட்டுக்கு வேன்ல நானும் போனேன். வரலைன்னா மாமியாரு உடல. வழியில எல்லாரும் அழுதுக்கிட்டு வந்ததுல தயிர மறந்துட்டாங்க. ஏர்போட்டுக்குள்ள போன பிறகுதான் யோகேஸ்வரி பையில சட்டி இருக்கிறதப் பாத்திருக்கு. செக் பண்ற எடத்துல செக்கியூரிட்டி ஐயா சட்டிய வெளிய எடுத்துட்டாரு. இதோட உள்ள போக முடியாது, வச்சிட்டுப் போன்னு சொல்லியிருக்காரு.

யோகேஸ்வரிக்கு சிங்களம் தண்ணி பட்ட பாடு. மாமியாருக்குக் குடுத்த வாக்கு, சூலம், கெழக்கு, புருசன், இதுவரைக்கும் பட்டது எல்லாத்தையும் மூச்சு விடாம சொல்லியிருக்கு. வீசிட்டுப் போகச் சொல்லாதீங்க, ஓரமா நின்னு சாப்பிட்டுட்டுப் போறேன்னு கேட்டிருக்கு. அவரு உள்ள போயி டீ குடிக்கிற எடத்துல இருந்து ஒரு கரண்டிய எடுத்துட்டு வந்து குடுத்தாராம். இந்தப் புள்ள பெட்டி மேல குந்திக்கிட்டு தயிர அள்ளி அள்ளிப் போட, விக்கலே வந்துருச்சாம்.

அப்ப அவரு சொன்னாராம்: "நங்கி, ஹெமின் கன்ன. மெதுவாச் சாப்பிடு தங்கச்சி, பிளேன் உன்னைய உட்டுட்டுப் போகாது."

எந்த மாட்டுக்கு?

மறுநா மத்தியானம் வரைக்கும் நான் ஒரு வேலையும் செய்யல. டிக்கெட் போடுறவங்களுக்கு இது வழக்கந்தான், ஆளு எறங்கிட்டேன்னு சொல்ற வரைக்கும் நமக்குச் சோறு எறங்காது. நந்தா அக்கா ஒரு போட்டோவ மூணு தடவ அடிச்சாங்க. மாமியாரு தோட்டத்துல இருந்து பஸ் ஏறி வந்து கடை பெஞ்சுல குந்திக்கிட்டாங்க.

போன் அடிச்சுச்சு. ஸ்பீக்கர்ல போட்டேன். யோகேஸ்வரி சிரிச்சுக்கிட்டே பேசுனுச்சு. நான் சொல்லிக் குடுத்த இங்கிலீஷ் அங்க போனதும் மறந்துருச்சாம். கத்தியக் காட்டி "மில்க், மில்க்"ன்னு சொல்லியிருக்கு. அங்க பெட்டி செக் பண்ற ஆபீசரு எந்த மாட்டுக்குன்னு கேட்டிருக்காரு. இது "ட்ரீ"ன்னு சொல்லியிருக்கு. அவரு இன்னொருத்தரக் கூப்பிட்டு வந்து ரெண்டு பேரும் கத்திய வெளிச்சத்துல வச்சுப் பாத்திருக்காங்க. அழுக்கு இல்ல, மண்ணு இல்ல. போன்னுட்டாங்க. வெளிய வந்தா சிவகுமாரு நிக்கிறாரு. மாடு கறந்துட்டு சட்டை மாத்தக் கூட நிக்காம ஓடி வந்திருக்காரு.

மாமியாரு போனுக்குப் பக்கத்துல வாய வச்சு, "எப்படிடி இருக்கான்?"ன்னு கேட்டாங்க.

"நல்லா இருக்காரு அத்தை. சட்டையெல்லாம் பாலு. ஆனா இந்தப் பாலு தொவைச்சா போயிருமாம்."

நான் இன்னைய வரைக்கும் பிளேன் ஏறுனதில்ல, ஆனாலும் கெழக்க போற பிளேனுக்கு டிக்கெட்டோட தயிருச் சட்டியும் சேத்துப் போட்டுக் குடுக்கிற ஒரே ஆளு நாந்தான்னு நெஞ்ச நிமித்திச் சொல்லுவேன்.