அண்ணனின் கைக்கு ஏற்ற மருந்து

என் அண்ணன் கிள்ளானில் ஒரு கடையில் முப்பது ஆண்டுகளாக மாவை வீசி ரொட்டி சானாய் போடுகிறவர். சென்ற ஆண்டு அவருக்குக் கல்லீரல் புற்றுநோய் என்று தெரிந்தபோது, அது நுரையீரலிலும் புள்ளி வைத்திருந்தது. அறுவை சிகிச்சைக்கு வழியில்லை, மருந்துதான் என்றார்கள். அண்ணி அழுதுகொண்டே இருந்ததால், பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நான் விடுப்பு எடுத்து அண்ணனோடு மருத்துவமனைக்குப் போனேன்.

டாக்டர் என் மகள் வயதுப் பெண். முதல் மருந்தாக எதைத் தொடங்கலாம் என்று மூன்று வழிகள் சொன்னார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மருந்துகளை ட்ரிப்பில் ஏற்றுவது ஒன்று. பலருக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் வீங்கியிருந்தால் ரத்தம் கொட்டும் ஆபத்து உண்டு. முதலில் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். மற்ற இரண்டும் வாயால் விழுங்குவது. பழைய மாத்திரை தினம் இருவேளை. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரியலாம். புதியது தினம் ஒரே ஒரு வேளைதான். ஆனால் பிரஷர் ஏறலாம்.

நான் நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“டாக்டர், இதுல எது ஸ்ட்ராங்?”

“உங்களுக்கு எது சரிப்படும்னுதான் பாக்கணும் அங்கிள். என்ன வேலை செய்றீங்க?”

“ரொட்டி சானாய். நாள் முழுக்க மாவு, எண்ணெய், சூடு.” இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்தார். “இது உரிஞ்சா நான் வீட்ல டிவி பாத்தே செத்துருவேன் லா.”

டாக்டர் சிரித்துவிட்டார். நானும்தான், பல நாளைக்குப் பிறகு.

மறுவாரம் கேமரா பரிசோதனை. நாளங்கள் வீங்கித்தான் இருந்தன. ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். ட்ரிப் இப்போதைக்கு வேண்டாம் என்றதும் எனக்குக் கண் கலங்கியது.

“இன்னும் ரெண்டு கட்டம் இருக்குல்ல, அதப் பாரும்மா” என்றார் அண்ணன்.

புதிய மருந்திலும் கை உரியலாம், ஆனால் அவ்வளவாக வராது என்று டாக்டர் சொன்னார். அதையே எடுத்தோம். அறுபது கிலோவுக்குக் கீழே இருந்தால் அளவு குறைவு. தராசு ஐம்பத்தெட்டு காட்டியது.

“மெஷின் ரோசாக், கெட்டுப்போச்சு” என்றார் அண்ணன். தாதி வேறொரு தராசைக் கொண்டுவந்தார். அதுவும் ஐம்பத்தெட்டு.

இரண்டாவது வாரமே பிரஷர் ஏறியது. அதற்கும் ஒரு மாத்திரை சேர்ந்தது. அண்ணி அழுகையை விட்டுவிட்டு உப்பைக் குறைப்பதில் இறங்கினார். தினமும் சாப்பாட்டு நேரத்தில் சண்டை. அந்தச் சத்தம் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

சில மாதம் கழித்து ஸ்கேன். எதுவும் வளரவில்லை, பெரிய கட்டி கொஞ்சம் சுருங்கியும் இருந்தது.

“குணமாயிடுச்சுனு அர்த்தமில்ல அங்கிள். கட்டி மருந்துக்குக் கேக்குது, அவ்ளோதான்.”

“எங்க வீட்ல அது ஒண்ணாச்சும் சொன்னா கேக்குதே டாக்டர்.”

இப்போது சனி, ஞாயிறு காலையில் மட்டும் கடைக்குப் போகிறார். பிரஷர் பார்க்கும் கருவியும் கூடவே போகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் பார்த்துவிடுகிறார். போன மாதம் ஒரு லோரி ஓட்டுநருக்கு எண் தாறுமாறாக ஏறியிருக்க, கிளினிக்குக்குப் போய்விட்டு வந்தால்தான் ரொட்டி என்று விரட்டிவிட்டார். அந்த ஆள் மறுவாரம் மருந்துப் பையோடு வந்து நின்றார்.

“இப்பயாச்சும் போடுவீங்களா அண்ணே?”

“உட்காருங்க. மொதல்ல கைய நீட்டுங்க.”