முசுறுக் கூடு

வேலிச் சண்டைக்குப் பிறகு பக்கத்து வீட்டு அக்காவோடு நான் கதைப்பதில்லை. எங்கள் மாமரத்தில் சிவப்பெறும்பு, முசுறு, கூடு கட்டியிருந்தது. அதைக் கொப்போடு வெட்டி, வேண்டுமென்றே அவருடைய வளவுக்குள் எறிந்தேன். கூடு, குண்டுவீச்சுக்குப் பதுங்க அவர்கள் வெட்டியிருந்த பங்கரின் வாசலில் விழுந்து சிதறியது.

பின்னேரம் வானத்தில் பொம்பர் விமானம் இரைந்தது. எங்கள் பங்கர் நிறைய மழைவெள்ளம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் விறைத்துப்போய் நின்றேன்.

“தங்கச்சி, இஞ்சாலை ஓடிவா!” வேலிக்கு அங்கால் நின்று கத்தியது அந்த அக்காதான்.

பங்கருக்குள் முசுறு எல்லாரையும் கடித்துப் பிடுங்கியது. அவரோ தன்னைப் பாராமல் என் பிள்ளையின் காலைத் தடவித் தடவி எறும்பை எடுத்தார்.

“நீ எறியேக்கை கண்டனான்,” என்றார். “அதுக்காகப் பிள்ளையை வெளியிலை விடேலுமே?”

எங்கோ குண்டு விழுந்தது. வெளியே போய் நின்றால் என்ன என்றிருந்தது எனக்கு.