பால்கனியில் கட்டிய டார்பிடோ படகு

எங்கள் பட்டாபிராம் ஃபிளாட்டின் பால்கனி மேல் இரண்டு பேர் கண் வைத்திருந்தோம். மாமியாருக்கு அங்கே வாஷிங் மெஷின் போட வேண்டும். எனக்கு அங்கே கப்பல் கட்ட வேண்டும். மரத்தில் சின்னச் சின்ன மாதிரிக் கப்பல்கள் செய்வது என் பைத்தியம். ஆபீஸில் நாள் முழுக்க கம்ப்யூட்டரை முறைத்துவிட்டு வருகிறவளுக்கு வேறு என்ன கதி?

இந்தத் தடவை நான் கட்டியது ஆதிகாலத்து டார்பிடோ படகு. இன்றைய டார்பிடோ குண்டு தண்ணீருக்குள் தானாகவே ஓடிப்போய்க் கப்பலைத் தாக்கும். அன்று அப்படி இல்லை. படகின் மூக்கில் நீளமாக ஒரு கம்பம், அதன் நுனியில் வெடிகுண்டு. எதிரிக் கப்பலின் வயிற்றில் அதைக் கொண்டுபோய் முட்டிவிட்டு உயிரோடு திரும்ப வேண்டும். அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும். ஆனால் நான் மாதிரியாக எடுத்துக்கொண்ட அசல் படகு போருக்கே போகவில்லை. பயிற்சியில் ஓடியது, துறைமுகத்தில் காவல் நின்றது, கடைசியில் கப்பல்களுக்குத் தபால் சுமந்தது.

"மெதக்காத படகுக்கு இன்னாத்துக்கு பால்கனி?" என்றார் மாமியார். பக்கத்து ஊர் சேக்காட்டுக்காரர், லேசில் விட மாட்டார்.

"மிதக்கலைன்னா பால்கனி உங்களுக்கு, அத்தை" என்றேன். எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

ஞாயிறு காலை இருவரும் ஆட்டோவில் சேக்காடு ஏரிக்குப் போனோம். குலுக்கலில் கம்பத்து நுனியில் ஒட்டியிருந்த ஈயக் குண்டு தெறித்து எங்கோ விழுந்துவிட்டது. அழகுக்குத்தானே, போகட்டும் என்று விட்டேன். தண்ணீரில் இறக்கிய பிறகுதான் உறைத்தது. அந்தக் குண்டின் எடைக்கு ஈடாகத்தான் மோட்டாருக்கான பேட்டரியைப் பின்னால் வைத்திருந்தேன். மூக்கு வானம் பார்க்க, பின்பக்கம் தண்ணீர் மொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமியார் படகைத் தூக்கிக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார். பையிலிருந்து எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த கயிற்றை எடுத்து, புது வண்டிக்குக் கட்டுவதுபோல் கம்பத்தின் நுனியில் கட்டினார்.

"புச்சா எறக்கசொல்லோ இத்த கட்டாம வுடுவாங்களா?"

மூக்கு இறங்கியது. படகு மட்டமாக நின்றது. சுவிட்சைத் தட்டினேன். எலுமிச்சம்பழத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, பின்னால் கட்டியிருந்த நூல் தீரும்வரை விர்ரென்று ஓடியது. மாமியார் கைதட்டினார். நான் தோற்க வேண்டும் என்று நினைக்கிறவர் வீட்டிலிருந்தே அதைக் கோத்து எடுத்து வருவாரா?

திரும்பும்போது ஆட்டோவில் அவரே சொன்னார்: "மெஷின சமையக்கட்டுல போட்டுக்கலாம்."

அசல் படகு தன் ஆயுளில் எதையும் வீழ்த்தவில்லை. என்னுடையது முதல் நாளே ஒரு வாஷிங் மெஷினை வீழ்த்தியது.