டில்லி அண்ணன் மூணு மணிக்குப் போட்ட ராக் பாட்டு

டில்லி அண்ணன் போய்விட்டார். இன்று காலை, கொரட்டூரில், அவர் வீட்டிலேயே. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இந்த வருடம் இப்படி இரங்கல் எழுதி எழுதியே அலுத்துவிட்டது. ஆனாலும் இவருக்கு நான்தான் எழுத வேண்டும்... அந்த மொட்டைமாடி கேபிள் ரூமில் அவரோடு ஆறு வருடம் இருந்தவன் நான் ஒருத்தன்தான்.

செட்டாப் பாக்ஸ் எல்லாம் வருவதற்கு முன்னால் எங்கள் ஏரியாவுக்குக் கேபிள் கொடுத்தவர் அவர். நான் லைன்மேன். எங்களுக்கென்று ஒரு லோக்கல் சேனல். காலையில் சாமி பாட்டு, மதியம் படம், கீழே பிறந்தநாள் வாழ்த்து ஸ்க்ரோல்.

படம் முடிந்ததும், சரியாக மூன்று மணிக்கு... ராக் வீடியோ. இங்கிலீஷ் மியூசிக் சேனலில் வருவதை விசிஆரில் பிடித்து வைத்திருப்பார்.

அவருக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. கேசட் மேல் அவரே பெயர் வைத்து எழுதுவார். ‘இஸ்திரிக்காரம்மா’ என்று ஒன்று. ஒரு வீட்டு ஹாலில் நாலு பேர் முடியை ஆட்டி ஆட்டி கிடாரைப் பிய்த்து எடுப்பார்கள். நடுவில் ஒரு அம்மா, எதுவுமே காதில் விழாதது மாதிரி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார்.

இன்னொன்று ‘தண்ணித் தொட்டி’. காலியான நீச்சல் குளத்துக்குள் ஒரு பேண்ட் வாசிக்கும். தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். கழுத்து வரைக்கும் வந்தாலும் டிரம்ஸ்காரன் விடமாட்டான்.

“யாருண்ணா இத பாக்கறாங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நான் பாக்கறேன்ல நைனா. சினிமாவுல ஹீரோ மட்டுந்தான் கத்துவான். இதுல பாரு, பின்னாடி குந்திகினு கீறானே டிரம்ஸ்காரன், அவனும் கத்துறான்.”

பார்த்தது அவர் மட்டும் இல்லை. “அந்த இஸ்திரிக்காரம்மா பாட்டு போடுப்பா” என்று போன் பண்ணிக் கேட்கும் வீடுகள் இருந்தன!

ஒரே ஒரு கண்டிஷன் வைத்திருந்தார். சாவு ஸ்க்ரோல் ஓடினால் பாட்டு கிடையாது. குத்துவிளக்குப் படம் மட்டும், புல்லாங்குழலோடு.

எங்கள் ரூமில் விசிஆருக்கு ஒரு டிவி, ஸ்க்ரோலுக்கு ஒரு கம்ப்யூட்டர், இரண்டும் தனித்தனி. மேலே பாட்டும் கீழே எழுத்தும் சேர்ந்து தெரிவது வீடுகளில்தான்.

ஒரு மழை நாள்... பள்ளிக்கூடத் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். அண்ணன் ஸ்க்ரோலை டைப் அடித்துவிட்டு மாலை வாங்கக் கிளம்பினார். “நைனா, மூணு மணிக்கு வெளக்கு போட்ரு.”

சரி என்றேன். மூணு மணிக்குக் கைப்பழக்கத்தில் தண்ணித் தொட்டி கேசட்டைத் தள்ளிவிட்டு, அறுந்துபோன லைனைப் பார்க்கப் போய்விட்டேன்.

இருபது நிமிடம் ஓடியிருக்கிறது. மேலே டிரம்ஸ்காரன் தண்ணீரைப் போட்டு அடிக்கிறான். கீழே பெரியவர் பெயர், ‘இறுதி ஊர்வலம் மாலை ஐந்து மணி’. பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தவர்கள் சாவு வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்கள்.

நான் திரும்பி வந்தபோது பெரியவரின் மகன் எங்கள் மாடியில் நின்றிருந்தார். “எங்கப்பன் செத்தது உனக்குக் கூத்தாக் கீதா?” என்று அண்ணன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை. வாங்கி வந்த மாலை அண்ணன் கையில் அப்படியே இருந்தது.

“என் தப்புதான் சார். நான்தான் கவனிக்கல.” அண்ணன்தான் சொன்னார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

தோளில் ஒயர் சுருளோடு நின்றேன். வாய் திறக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத் தெருவில்தான் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பயந்துவிட்டேன்... அவ்வளவுதான்.

மறுநாள் அண்ணன் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்று கேபிளும் போய், ரூமும் போய், நானும் முகப்பேரில் அபார்ட்மெண்ட் மெயின்டனன்ஸ் வேலைக்கு வந்து... வயசும் ஆகிவிட்டது.

இன்று காலை அவர் மனைவி அமுதா அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். “அண்ணி, அன்னிக்கு அந்த கேசட்ட போட்டது நான்.”

அண்ணி அழவும் இல்லை, திட்டவும் இல்லை. அண்ணன் கால் மேல் போர்வையை இழுத்துவிட்டார். “இப்ப வந்து சொல்றியேப்பா. அறை வாங்கன நாள்லருந்து இந்த மனுசன் அந்தத் தெருவுல காலே வெச்சதில்ல. ஸ்டேஷனுக்குப் போவணும்னாகூட ஏரிக்கரையாண்ட சுத்திகினுதான் போவாரு. முட்டி வலியோட.”

எனக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

அந்தத் தெருவில் லைன் கம்ப்ளெயின்ட் வந்தால், “உன் மாமியாரூட்டுத் தெரு, நீயே போ நைனா” என்று சிரித்துக்கொண்டே என்னைத்தான் அனுப்புவார். கிண்டல் பண்ணுகிறார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெரியவரின் மகன் இதைப் படிக்கக்கூடும். சார், அந்த அறை எனக்கு விழவேண்டியது.

நாலு மணிக்கு எடுக்கிறார்கள். வண்டி பள்ளிக்கூடத் தெரு வழியாகத்தான் போகும், ஏரிக்கரைப் பக்கம் வண்டிக்கு வழி கிடையாது.

முன்னால் நான் நடக்கிறேன். வாங்கண்ணா... போகலாம்.