என்னைத் தெரிந்த இரண்டு பேரைத் தேடிப் பதினாறு கிலோமீட்டர்

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பதினோரு மாநிலங்களைத் தனியாகச் சுற்றியவளிடம் பாஸ்போர்ட் மட்டும் இல்லை. போன மார்ச்சில் விண்ணப்பித்தேன். கட்டணம் 1,500 ரூபாய். கப்பல் கதை கேட்க வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்தப் பதிவில் கடல் கிடையாது. கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை சென்னைக்குள்ளேயே நான் அலைந்த கதை இது. தனியாக வாழ்ந்துகொண்டு முதல் பாஸ்போர்ட் எடுப்பவர்களுக்கு உதவலாம்.

காலை 9.15. மயிலாப்பூரில் நான் வாடகைக்கு இருக்கும் இரண்டாம் மாடி வீட்டுக்கு, பாஸ்போர்ட் விசாரணைக்காக ஒரு பெண் தலைமைக் காவலர் வந்தார். காக்கியைப் பார்த்ததும் கதவைப் பாதிதான் திறந்தேன். நான் பள்ளியில் படித்த காலத்தில், யார் மேலோ வந்த புகாருக்காக அப்பாவை ஒரு பகல் முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். ஆள் மாறிவிட்டது என்று சாயங்காலம் அனுப்பினார்கள். அன்றிலிருந்து காக்கியைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஏட்டம்மா தாள்களைப் புரட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. "அக்கம்பக்கத்துல உங்களத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் கையெழுத்து போடணும்மா. எதிர்வீட்ல கேட்டேன். அப்படி யாரையும் தெரியாதுன்னுட்டாங்க."

ஏழு வருடமாக அந்தக் கதவுக்கு எதிரில்தான் என் கதவு இருக்கிறது.

"அஞ்சு மணிக்குத் திரும்ப இந்தப் பக்கம் வருவேன். அதுக்குள்ள பாருங்க. இல்லன்னா தெரியாதுன்னுதான் எழுதணும்." நம்பரைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். கேட்பார் என்று ஒரு கவரில் ஐந்நூறு ரூபாய் போட்டு வைத்திருந்தேன். கேட்கவில்லை.

10.10-க்குக் கோயில் குளத்தருகே பஸ் பிடித்துத் தி.நகர் போனேன். ஐந்து கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். சாதா பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முன்பு ஹாஸ்டலில் என் அறையில் இருந்த கலா அங்கே ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கிறாள். "எங்க போடணும் சொல்லு" என்று பேனாவையே எடுத்துவிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஏட்டம்மாவுக்குப் போன் செய்தேன்.

"தி.நகர் ஆளு எப்படிம்மா உங்களுக்கு அக்கம்பக்கம்?"

நியாயம்தான். பனகல் பூங்காவில் உட்கார்ந்து போனில் இருந்த பெயர்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தேன். மயிலாப்பூர்ப் பெயர்கள் மூன்றே மூன்று: கேஸ், தண்ணி கேன், எலெக்ட்ரீஷியன்.

அப்புறம்தான் வீட்டுக்கார மாமி நினைவு வந்தது. ஐந்து வருடம் எனக்குக் கீழ்வீட்டில் இருந்தவர். இப்போது அடையாறில் மகனோடு இருந்தாலும், வீட்டின் சொந்தக்காரர் என்பதால் அவர் கையெழுத்து செல்லும் என்று நினைத்தேன். ஆறு கிலோமீட்டர், பஸ்ஸில் ஐம்பது நிமிடம். மாமி காபி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"நீ நல்ல பொண்ணுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா போலீஸ்காராளுக்குக் கையெழுத்துன்னா பயமா இருக்குடி. நாளைக்கு எதுக்காவது ஆத்து வாசல்ல வந்து நின்னுண்டு கூப்பிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலையில் கதவைப் பாதி மட்டும் திறந்தவள்தானே நானும்.

2.40-க்கு ஆட்டோ. ஐந்து கிலோமீட்டர், 140 ரூபாய். அடையாற்றுப் பாலத்து நெரிசலில் நின்றபோது, கப்பலை மறந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் தெரு முனையில் பை, சூட்கேஸ் ரிப்பேர் செய்யும் பாய் கடை வைத்திருக்கிறார். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை என் பயணப் பையின் ஜிப்பை மாற்றித் தருபவர் அவர்தான்.

"இன்னாம்மா, மூஞ்சி வாடிக் கீது? ஊருக்குப் போலியா?" என்றார்.

சொல்லும் எண்ணமே இல்லை. ஆனால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"நான் போட்றேன். ஆனா படிச்சிட்டுத்தான் போடுவேன். முன்ன வேற ஏரியால கட வெச்சிருந்தப்ப, சாட்சின்னு சொல்லி வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. மூணு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தேம்மா."

ஐந்து மணிக்குப் பாய் என்னோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். 5.05-க்கு ஏட்டம்மா வந்தார். பாய் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, உதடு அசையப் படிவத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஓடிக்கொண்டிருந்த ஸ்கூட்டரை ஏட்டம்மா அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"ஓ, உங்க பேரு தேன்மொழியா?" என்று பாய் என்னைப் பார்த்தார்.

"பேரே தெரியாம எப்படி பாய் கையெழுத்து போடுவீங்க?" என்றார் ஏட்டம்மா.

"பேருதான் மேடம் தெரியாது. ஆளத் தெரியும். ஏழு வருஷமா பையத் தூக்கிக்கினு போறாங்க, வராங்க. தனியாத்தான் போவாங்க, தனியாத்தான் வருவாங்க." படிவத்தின் அடியில் விரல் வைத்தார். "இங்க காலியா கீதே?"

ஏட்டம்மா பேனாவை வாங்கி, அந்த வெற்றிடத்தில் குறுக்குக் கோடு போட்டார். "இப்ப யாரும் எதையும் சேத்து எழுத முடியாது. வேணும்னா போட்டோ எடுத்துக்கங்க பாய்."

பாய் நிதானமாக இரண்டு படம் எடுத்துக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மா கீழே வந்தார். "காலைல போலீஸ்னதும் எனக்கு ஒண்ணும் ஓடல. தெரியாதுன்னு வாயில வந்துடுச்சு" என்று என்னைப் பார்க்காமலேயே சொன்னார். அவரும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் போட்டார். ஏட்டம்மா அதற்கும் காத்திருந்தார்.

ஒன்பதாம் நாள் பாஸ்போர்ட் வந்தது. இனி விண்ணப்பிப்பவர்களுக்கு: விசாரணைக்குக் காசு எதுவும் தர வேண்டியதில்லை. கையெழுத்து முறை இடத்துக்கு இடம் மாறலாம், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். படிவத்தில் காலியிடம் இருந்தால் கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள், தப்பில்லை. எதிர்வீட்டில் பேசுவதற்குப் போலீஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால், ரோந்து போகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள் என்று ஏட்டம்மா சொல்லியிருந்தார். கப்பலுக்கு முதல் நாள் காலை போனேன். வாசலில் பத்து நிமிடம் நின்ற பிறகுதான் கால் உள்ளே போனது.

ஏட்டம்மா ஒரு நோட்டைத் திறந்தார். "வீட்ல வேற யாரு?"

"யாரும் இல்ல."

எழுதிக்கொண்டார். "எப்ப திரும்பி வருவீங்க?"

இத்தனை பயணங்களில் யாரும் என்னை அதைக் கேட்டதில்லை. தேதி வாயில் வரவில்லை. டிக்கெட்டை எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.