சுருளில் ஒளிந்த இருபது மீட்டர்

கேபிள் காவல் பார்ப்பவர்களுக்குத் தெரியும்: மண்ணுக்குள் கிடப்பதை யாரும் நினைப்பதில்லை, அறுந்த அன்றைக்கு மட்டும் எல்லாரும் நம்மைத் தேடுவார்கள்.

புதுக்கடையிலிருந்து குளச்சலுக்குப் போகும் கண்ணாடி இழைக் கேபிளுக்கு நான் காவல். புதுக்கடை அறையில் புதிதாக ஒரு மிஷின் வைத்தார்கள். அது இழைக்குள் ஒளியை அனுப்பும். மேலே யாராவது மண்ணைத் தோண்டினால் இழை அதிரும்; திரும்பி வரும் ஒளி மாறும். அதை வைத்துப் புதுக்கடையிலிருந்து எத்தனையாவது மீட்டரில் சத்தம் என்று கண்டுபிடிக்கும். இன்ஜினியர் ஷீபா மேடம் போனில் எண்ணைச் சொல்வார். நான் மொபெட்டில் ஓடுவேன். இரண்டு முறை இடம் தவறினால் மிஷினைத் திருப்பி அனுப்புவோம் என்று மேலாபீஸ் சொல்லியிருந்தது. அதோடு என் வேலையும் போய்விடும்.

அறுநூற்று நாற்பதாவது மீட்டர்

"கடப்பாரை மாதிரி குத்து விழுது" என்றார் மேடம். போனேன். இடம் மிகச் சரி. ஆனால் அங்கே ஒருவர் கம்பிப்பாரை நட்டுத் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். நூற்றுப்பன்னிரண்டு காய்; எண்ணிவிட்டுத்தான் பேசினேன். நான் விவரம் சொன்னதும் அவர் வீட்டுப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஓய், நான் உரிக்கியது புதுக்கடையில கேக்குதாக்கும்? சாயா கேட்டு அரைமணிக்கூறா விளிக்கியேன், அடுக்களையில கேக்கல்லியே!"

மீன் விற்ற இடம்

அடுத்தது 7,340. அங்கே குடைக்குக் கீழே மீன் விற்கும் ஓர் அம்மா மட்டும். மொபெட்டை அவரிடம் விட்டு, தோண்டும் இடத்தைத் தேடிப் புதுக்கடைப் பக்கமாக எண்ணி நடந்தேன். சரியாக நூற்று நாற்பது மீட்டரில் கோயில் திருவிழாப் பந்தலுக்குக் குழி தோண்டியிருந்தார்கள். நல்லவேளை, ஆழமில்லை. ஆனாலும் தவறு ஒன்று. திரும்பி வந்ததும் அந்த அம்மா சிரித்தார்.

"குழி அங்க, நீரு இங்க! இங்க வெட்டுதது நான் ஒருத்தி. அதும் சூரை மீனாக்கும்!"

பதினொரு தொட்டி

அன்று என் பழைய நோட்டைப் புரட்டினேன். கேபிள் பதித்தபோது நானும் கூலிக்கு நின்றவன். கிலோமீட்டருக்கு ஒரு தொட்டி மண்ணுக்குள் கட்டி, பின்னாளில் அறுந்தால் ஒட்டுப்போட உதவும் என்று ஒவ்வொன்றிலும் இருபது மீட்டர் கேபிளைச் சுருட்டி வைத்தார்கள். மீன் விற்ற இடத்துக்கு முன்னால் ஏழு தொட்டி; ஏழு இருபது நூற்று நாற்பது. மிஷின் சுருளையும் சேர்த்து அளக்கிறது. மேடத்தின் வரைபடத்தில் சாலையின் நீளம் மட்டும்தான். சொல்லலாம் என்று மூன்று நாள் போனை எடுத்தேன். எட்டாவது படித்தவன் இன்ஜினியருக்குக் கணக்குச் சொல்வதா என்று வைத்துவிட்டேன்.

நாலாம் நாள் போன் அடித்தது. "அண்ணாச்சி, 11,620ல ஜேசிபி! ஓடுங்க!" அதற்குமுன் பதினொரு தொட்டி. இருநூற்று இருபதைக் கழித்தேன். கணக்குப் பிசகினால் கேபிளும் போச்சு, மிஷினும் போச்சு. மேடம் சொன்ன இடத்துக்குப் போகாமல் 11,400இல் நின்றேன். அங்கேதான் ஜேசிபி குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிக்கொண்டிருந்தது. கேபிளுக்கு மேலே எச்சரிக்கைக்காகப் போட்டிருந்த மஞ்சள் நாடா அதன் பல்லில் தொங்கியது. வாழ்நாளில் முதல்முறையாகக் கத்திக்கொண்டு குறுக்கே போய் நின்றேன். "பெரியவரே, சாவதுக்கு வேற வண்டி கெடைக்கல்லியா?" என்றார் டிரைவர். ஆனாலும் நிறுத்திவிட்டார்.

மேடம் வந்து கேபிளைப் பார்த்தார்; கீறல்கூட இல்லை. நோட்டை நீட்டினேன். ஒவ்வொரு தொட்டியாகக் கூட்டிப் பார்த்து, இந்த முறை இடம் சரி என்று மேலாபீஸுக்கு அங்கேயே போன் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மிஷினுக்குக் கேக்கணும்னா நீங்களும் கொஞ்சம் சத்தமாட்டுப் பேசணும் அண்ணாச்சி!"

இப்போது மிஷினும் நானும் வேலையில் இருக்கிறோம், இருவரில் அதிகம் பேசுவது மிஷின்தான்.